விண்வெளியில ஒரு டிபன் கடை!

'ரெண்டு இட்லி, ஒரு வடை... செவ்வாய்க்குப் பார்சல்!'

ரூம்ல சாப்பிட்ட தட்டு மூணு நாளா கழுவாமக் கிடக்கும். டீ குடிச்ச டம்ளர்ல கறை காய்ஞ்சு மாடர்ன் ஆர்ட் வரைஞ்சிருக்கும். ஆனா அதே ரூம்ல, கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு, தலைவர் ஒருத்தர் ராத்திரி 12 மணிக்கு ரொம்பப் பொறுப்பாத் தட்டுக் கழுவிக்கிட்டு இருப்பார். எங்கே? கேம்ல!

சிரிக்காதீங்க பாஸ். உங்க ஹாஸ்டல்லயும் அப்படி நாலு பேர் இருப்பாங்க. அதுல ஒருத்தர் நீங்களாக்கூட இருக்கலாம். துப்பாக்கி எடுத்துச் சுடுறது, காரை எடுத்துக்கிட்டுப் பறக்குறதுன்னு எத்தனையோ கேம் இருக்க, ஓட்டல் வெச்சு நடத்துறதுல நம்ம பசங்களுக்கு அப்படி என்ன கிக்கு? அதுலயும் லேட்டஸ்ட் டிரெண்ட் என்ன தெரியுமா... கடையைக் கொண்டுபோய் விண்வெளியில போட்டுட்டாங்க! 'கேலக்ஸி பர்கர்' மாதிரி கேம்களில் உங்க கடைக்கு ஜன்னலைத் திறந்தா நட்சத்திரம். கஸ்டமர் வர்றது விண்கலத்துல. கல்லாப் பெட்டி மட்டும் நம்மூர் மாதிரியே!

இதுல முக்கியமான வார்த்தை 'ரிலாக்ஸ்'. 'இது ஒரு நிதானமான கேம், அவசரப்படாம விளையாடுங்க'ன்னு சொல்லியே விக்கிறாங்க. நிஜத்துல ஓட்டல் நடத்துறவங்ககிட்ட போய் 'உங்க தொழில் ரொம்ப ரிலாக்ஸா இருக்குமாமே?'ன்னு கேட்டுப் பாருங்க. கரண்டி பறக்கும்! அப்படின்னா கேம்ல மட்டும் அது எப்படி ரிலாக்ஸ் ஆச்சு? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டுத்தான் கிளம்பினேன். அது மைசூர், உடுப்பி, டொராண்டோன்னு சுத்தி கடைசியில நம்ம தொண்டாமுத்தூர் பஸ் ஸ்டாப் டிபன் கடையில வந்து நின்னுடுச்சு. வாங்க, வரிசையாப் போவோம்.

ஃப்ளாஷ்பேக்: பன்னு மேல நடந்த சமையல்காரர்

சமையல் கேம் ஒண்ணும் புதுசு இல்லைங்க. 1982-லயே ஜப்பான்காரங்க 'பர்கர் டைம்'னு ஒண்ணு விட்டாங்க. குட்டி சமையல்காரர் ஒருத்தர் பெரிய சைஸ் பன்னு மேலயும் காய்கறி மேலயும் நடந்து நடந்தே பர்கர் செய்வார். சுத்தம் பத்தியெல்லாம் கேக்கப்படாது! அடுத்த வருஷமே, 1983-ல, அமெரிக்காவுல 'டேப்பர்' வந்துச்சு. நாலு நீளமான கவுன்ட்டர், ஒரே ஒரு சர்வர். ஆட்கள் வந்துக்கிட்டே இருப்பாங்க. நிரப்பின கோப்பையைத் தள்ளிவிடணும், காலி கோப்பை திரும்பி வர்றப்ப கீழே விழாமப் பிடிக்கணும். ஒண்ணு தவறினாலும் அவுட். அதாவது, ஓட்டல் கேம் பிறந்ததே டென்ஷன்லதான்!

நம்ம அண்ணன், அக்காக்கள் காலத்துல கம்ப்யூட்டர்ல ஓடினது 'டைனர் டேஷ்'. 2003-2004 வாக்கில் வந்து உலகம் முழுக்கப் பிச்சுக்கிட்டுப் போச்சு. அதோட ஹீரோயின் பேர் ஃப்ளோ. ஆபீஸ் வேலை அலுத்துப்போய், ஃபைலைத் தூக்கிப் போட்டுட்டு வந்து சொந்தமா ஓட்டல் ஆரம்பிக்கிற பொண்ணு. கஸ்டமர் தலைக்கு மேல இதயம் இதயமா இருக்கும். லேட் ஆக ஆக ஒவ்வொண்ணாக் குறையும். எல்லாம் தீர்ந்தா எழுந்து போயிடுவாங்க, காசும் போச்சு.

இந்த ஃப்ளோவை ஞாபகத்துல வெச்சுக்கங்க. அந்தப் பொண்ணு ஆபீஸை விட்டு ஓட்டலுக்கு ஓடி வந்தது. நம்மூர்க் கதை அப்படியே தலைகீழ்! அதுக்கு அப்புறமா வர்றேன்.

2009-ல ஃபேஸ்புக்ல 'ரெஸ்டாரன்ட் சிட்டி', 'கஃபே வேர்ல்டு'ன்னு ரெண்டு கேம் சக்கைப்போடு போட்டுச்சு. ரெண்டுமே பின்னாடி இழுத்து மூடப்பட்டுச்சு. ராப்பகலா உழைச்சு நாலு மாடி ஓட்டல் கட்டினவங்க எல்லாம் ஒரே நாள்ல 'வேலையில்லாப் பட்டதாரி'! 2016-ல 'ஓவர்குக்டு' வந்துச்சு. நாலு பேர் சேர்ந்து ஒரே கிச்சன்ல சமைக்கணும். நட்பு முறியறதுக்கு கியாரன்டி. அதே 2016-லதான் 'ஸ்டார்டியூ வேலி'னு ஒரு பண்ணை கேமும் வந்துச்சு. எரிக் பரோன்னு ஒரே ஒரு ஆள், நாலு வருஷத்துக்கு மேல தனியா உக்காந்து படம், இசை, கோடிங் எல்லாம் தானே செஞ்சது. தண்ணி ஊத்து, செடி வளரும், யாரும் உன்னை விரட்ட மாட்டாங்க. 'அட, இப்படியும் விளையாடலாமா!'ன்னு லட்சக்கணக்கான பேர் அந்தப் பக்கம் சாஞ்சாங்க. விரட்டல் இல்லாத விண்வெளி ஓட்டல் கேம்களும் இந்த வகையறாவைச் சேர்ந்ததுதான்.

தோசைக்கல் சொல்லும் ஃபார்முலா

சரி, டென்ஷன் எங்கே இருந்து வருது? அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961-ல நிரூபிச்ச விதி. பேரே 'லிட்டில்ஸ் லா'. இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் பசங்களுக்கு சிலபஸ்லயே இருக்கும், மத்தவங்க பயப்படாதீங்க, ஒரே பெருக்கல்தான். கடைக்குள்ள சராசரியா இருக்கிற ஆட்கள் எத்தனை பேர்? ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பேர் வர்றாங்களோ அதை, ஒருத்தர் எத்தனை நிமிஷம் உள்ளே இருக்காரோ அதால பெருக்கு. அவ்வளவுதான்!

நிமிஷத்துக்கு 2 பேர் வர்றாங்கன்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் உக்காந்து சாப்பிட்டு எழுந்து போக 15 நிமிஷம். ஆக, கடைக்குள்ள 30 பேர் இருப்பாங்க. உங்ககிட்ட 20 சீட்தான் இருந்தா? 10 பேர் நின்னுக்கிட்டு, சாப்பிடுறவங்க வாயையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. இந்த 10 பேர்தான் டென்ஷன்.

இதைக் கண்ணால பார்க்க தொண்டாமுத்தூர் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு சின்ன டிபன் கடைக்குப் போய் நின்னேன். காலையில எட்டு மணி. சிறுவாணி மலைப் பக்கமிருந்து குளுகுளுன்னு காத்து. காந்திபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுற காலேஜ் கூட்டம், பாக்குத் தோப்புக்கும் வாழைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போறவங்க, மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் ஏத்தின வண்டிக்காரர்னு எல்லாரும் ஒரே நேரத்துல உள்ளே!

"அக்கா, ஒரு ரோஸ்ட்டு!"

"தோசை எட்டரைக்கு மேல தானுங் கண்ணு. இட்லி சூடா இருக்குது, வெக்கட்டுங்களா?"

தோசைக்கல்லு சும்மாதான் இருந்துச்சு. மாவும் இருந்துச்சு. ஏன் தர மாட்டேங்கிறாங்க? யோசிச்சா பிரமிச்சுடுவீங்க. இட்லி ஒரு ஈட்டுக்கு மொத்தமா வேகும். இன்ஜினீயரிங்ல இதுக்குப் பேர் 'பேட்ச் ப்ராசஸ்'. தோசை ஒண்ணு ஒண்ணாத்தான் ஊத்தணும். கூட்ட நேரத்துல ஒருத்தருக்கு ரோஸ்ட்டு போட்டா, அடுத்த பத்துப் பேரும் அதையே கேப்பாங்க. கல்லு ஒண்ணு, கை ஒண்ணு. அங்கேயே கடை அடைச்சுக்கும். இட்லின்னா ஒவ்வொருத்தரும் உக்கார்ற நேரம் குறையும், பெருக்கல் கணக்குல மொத்தக் கூட்டமும் குறையும். லிட்டிலோட விதியை அக்கா படிச்சதில்லை. ஆனா தினம் காலையில எட்டு மணிக்கு அதை நடத்திக் காட்டுறாங்க!

இப்ப கேமுக்கு வாங்க. டென்ஷன் கேம் என்ன செய்யுது? வர்ற ஆளோட எண்ணிக்கையை லெவலுக்கு லெவல் ஏத்திக்கிட்டே போகுது. ரிலாக்ஸ் கேம்? நீங்க ஒரு ஆர்டரை முடிச்சா மட்டும் அடுத்த ஆளை அனுப்புது. இல்லாட்டி, வந்த ஆள் எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்காம உக்காந்திருப்பாரு. அவ்வளவுதான் ரகசியம். அதே அடுப்பு, அதே தட்டு, அதே வேலை. ஆனா நின்னுக்கிட்டு முறைக்கிற அந்தப் பத்துப் பேர் இல்லை. வேலை பாரமில்லைங்க... வரிசைதான் பாரம்!

சர்வர் அண்ணன் மண்டைக்குள்ள என்ன?

கோவையில பேர் போன ஓட்டல்கள்ல ஒரு காட்சி பார்த்திருப்பீங்க. டேபிள்ல ஆறு பேர், ஆளுக்கொரு ஆர்டர், அதுல ஒருத்தர் 'நெய் வேண்டாம்', இன்னொருத்தர் 'சாம்பார் தனியா'. பேனா, பேப்பர் எதுவும் இல்லாம சர்வர் அண்ணன் கேட்டுட்டுப் போவார். ஒண்ணு மாறாம வந்து சேரும். பில்லைக் கட்டிட்டு, 'அண்ணே, நாங்க என்ன சாப்பிட்டோம்?'னு கேட்டுப் பாருங்க. முழிப்பார்!

இதே சங்கதிதான் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி பெர்லின்ல ஒரு ஆராய்ச்சிக்கு விதை போட்டுச்சுன்னு சொல்வாங்க. பில் கட்டாத டேபிள் ஆர்டர் எல்லாம் சர்வருக்கு ஞாபகம் இருக்கு, கட்டி முடிச்சதும் மறந்துபோகுதேன்னு ஒரு பேராசிரியர் கவனிச்சாராம். அவர்கிட்ட படிச்ச புளூமா ஸைகார்னிக்ங்கிற பெண்மணி அதை சோதனை செஞ்சு 1927-ல வெளியிட்டாங்க. பாதியில நிக்கிற வேலை மனசைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும்ங்கிறது அவங்க கண்டுபிடிப்பு. பின்னாடி அதைத் திரும்பச் செஞ்சு பார்த்த எல்லாருக்கும் அதே விடை கிடைக்கலைங்கிறதையும் சொல்லிடணும். ஆனா கேம் செய்யுறவங்களுக்கு இந்த ஐடியா மேல ரொம்பப் பாசம். 'இன்னும் ஒரே ஒரு ஆர்டர்...'னு நீங்க ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கீங்களே, அந்தக் கொக்கி இதுதான்.

நல்ல ரிலாக்ஸ் கேம் இந்தக் கொக்கியை சீக்கிரமாக் கழட்டி விடும். ஆர்டர் வந்துச்சு, செஞ்சாச்சு, குடுத்தாச்சு, 'டிங்'னு மணி. ஒரு நிமிஷத்துக்குள்ள ஒரு வேலை முழுசா முடிஞ்சுபோகுது. நம்ம வாழ்க்கையில அப்படி எது முடியுது சொல்லுங்க? அரியர் தொங்குது. ப்ராஜெக்ட் தொங்குது. பிளேஸ்மென்ட்ல ஏழாவது ரவுண்டு முடிஞ்சு 'சொல்லி அனுப்புறோம்'னு தொங்கவிட்டுட்டாங்க. எல்லாமே பில் கட்டாத டேபிள்! அதனாலதான், முடிஞ்சுபோற ஒரு சின்ன வேலை அவ்வளவு இனிக்குது.

நிஜமாவே நல்லதா?

'கேம் ஆடினா உருப்பட மாட்டே'ங்கிறது வீட்டு டயலாக். 'மனசுக்கு நல்லது'ங்கிறது நம்ம டயலாக். யார் சொல்றது சரி? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க 2020-ல ஒரு காரியம் செஞ்சாங்க. ஆடுறவங்ககிட்ட 'எவ்வளவு நேரம் ஆடுறீங்க?'ன்னு கேட்டா நாம சரியாச் சொல்ல மாட்டோம்ல? அதனால கேம் கம்பெனிகள்கிட்டயே நேரக் கணக்கை வாங்கிட்டாங்க. 'அனிமல் கிராஸிங்' உட்பட ரெண்டு கேம், 3,274 பேர். அதிக நேரம் ஆடினவங்க கொஞ்சம் கூடுதல் சந்தோஷமா இருந்தாங்க. உடனே துள்ளாதீங்க. கேம் ஆடினதால சந்தோஷமா, இல்லை சந்தோஷமா இருந்ததால ஆடினாங்களான்னு அதுல தெரியலை.

2022-ல அதே பல்கலைக்கழகம் இன்னும் பெரிசா இறங்குச்சு. ஏழு கேம், கிட்டத்தட்ட 39,000 பேர், ஆறு வாரம். ரிசல்ட்? ஆடுற நேரத்தால மனசுக்கு நல்லதும் பெரிசா இல்லை, கெட்டதும் பெரிசா இல்லை! அம்மாவும் ஜெயிக்கலை, நாமளும் ஜெயிக்கலை. ஆனா ஒரு விஷயம் தெளிவாத் தெரிஞ்சுது. 'ஆசைப்பட்டு ஆடுறேன்'னு சொன்னவங்க நல்லா இருந்தாங்க. 'ஆடாம இருக்க முடியலை, அதான் ஆடுறேன்'னு சொன்னவங்க அப்படி இல்லை. எவ்வளவு நேரம்ங்கிறதைவிட ஏன் ஆடுறோம்ங்கிறதுதான் மேட்டர்.

நிஜமாவே விண்வெளியில கடை போட்டா?

கேம்ல ஒரு பட்டனைத் தட்டினா செவ்வாய்ல அடுப்பு எரியுது. நிஜத்துல? பூமிக்கு மேல சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சர்வதேச விண்வெளி நிலையத்துல நம்ம டிபன் ஐட்டம் ஒண்ணுகூடத் தேறாது. ஏன்னு பாருங்க. இட்லி வேக ஆவி மேலே ஏறணும். அங்கேதான் 'மேலே'ங்கிறதே கிடையாதே! எடை தெரியாத இடத்துல சூடான ஆவிக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது. கொதிக்கிற தண்ணியில குமிழிகூட எழும்பி வராது. தோசை மாவு? கல்லுல பரவுறதுக்குப் பதிலா உருண்டையா மிதக்கும். சாம்பார்? அதை நினைச்சாலே அள்ளு விடுது!

பிரெட் கொண்டுபோனா தூள் பறந்து மெஷினுக்குள்ள போயிடும்னு, சப்பாத்தி மாதிரியான டார்ட்டியாதான் சாப்பிடுறாங்க. உப்பும் மிளகும் திரவமாத்தான் போகும். உடம்புல இருக்கிற நீரெல்லாம் தலைப் பக்கம் ஏறி மூக்கு அடைச்சுக்கிறதால ருசியும் மட்டாத்தான் தெரியுமாம். அதனால விண்வெளி வீரர்களுக்குக் காரம்னா உசுரு. 2019 டிசம்பர்ல அங்கே முதல்முறையா குக்கீ பிஸ்கெட் சுட்டாங்க. பூமியில 20 நிமிஷத்துக்குள்ள முடியுற வேலைக்கு அங்கே ரெண்டு மணி நேரம் ஆச்சு! அவ்வளவு பாடுபட்டுச் சுட்டதை யாரும் சாப்பிடவும் இல்லை, சோதனைக்காகப் பூமிக்கு அனுப்பிட்டாங்க. 2021-ல அங்கேயே மிளகாய் விளைய வெச்சு, டாக்கோவுல வெச்சு ருசி பார்த்தாங்க. காரம் ஜெயிச்சுடுச்சு!

இதுல நம்ம நாட்டுக்கும் பழைய கணக்கு ஒண்ணு உண்டு. 1984 ஏப்ரல்ல ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்துல போனப்ப, மைசூர்ல இருக்கிற பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம் ரவை அல்வா, ஆலு சோலே, வெஜிடபிள் புலாவ் செஞ்சு குடுத்துச்சு. விண்வெளியில நம்ம நாட்டோட முதல் பார்சல் சர்வீஸ் அதுதான்! 2025-ல சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனப்ப கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழ ரசம் எடுத்துக்கிட்டுப் போனார். ரெண்டு தடவையும் அல்வா போயிருக்கு கவனிச்சீங்களா? உதிராது, சிந்தாது, கரண்டியோட ஒட்டிக்கும். இன்ஜினீயரிங் பார்வையில அல்வா ஒரு சூப்பர் டிசைன்! அடுத்த முறை நம்ம கொங்கு நாட்டு ஒப்புட்டுக்கும் ஒரு சான்ஸ் குடுக்கலாம், ஐயா!

நம்மாளுங்க போட்ட கடை

'இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் செய்யுற வேலை'ன்னு நினைச்சா, கொஞ்சம் உடுப்பிப் பக்கம் திரும்புங்க. ஓட்டலுக்கே பேர் போன அதே உடுப்பிதான். அங்கே இருக்கிற '99கேம்ஸ்'ங்கிற கம்பெனி 2014-ல 'ஸ்டார் செஃப்'னு ஓட்டல் நடத்தும் கேம் ஒண்ணை வெளியிட்டு உலகம் பூரா விளையாட வெச்சாங்க. பெங்களூர், ஐதராபாத்னு ஓடாம, ஊர்லயே உக்காந்து செஞ்சாங்க பாருங்க, அதுக்கே ஒரு சபாஷ்.

இன்னொண்ணு நமக்கு இன்னும் நெருக்கம். பேரே 'வெண்பா'! கனடாவுல டொராண்டோ நகரத்துல இருக்கிற 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில வெளியிட்டது. 1988-ல கனடா போய்ச் சேர்ற ஒரு தமிழ்ப் பொண்ணு. அம்மா குடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சும் அழிஞ்சும் கிடக்கு. பாதிதான் படிக்க முடியும். மிச்சத்தை நீங்க யோசிச்சுக் கண்டுபிடிச்சு இட்லி, புட்டு, பிரியாணின்னு சமைக்கணும். இட்லித் தட்டை எந்த வரிசையில அடுக்கினா ஆவி சரியாப் போகும்ங்கிறதுதான் முதல் புதிர். டைம் கிடையாது, பாயின்ட் கிடையாது, தப்பாச் செஞ்சா திரும்பச் செய்யலாம். பார்க்க ரிலாக்ஸ் கேம்தான். ஆனா, அங்கேயே வளர்ற மகன் கவின் கொஞ்சம் கொஞ்சமா தமிழை விட்டு விலகிப் போறப்ப தொண்டை அடைச்சுக்குது. 2024-ல இந்த கேமுக்கு இண்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்ல முதல் பரிசும், பிரிட்டன்ல சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் கிடைச்சுது. இட்லிச் சட்டி உலக மேடை ஏறிடுச்சு!

ரிலாக்ஸ் வேஷம் போட்ட வில்லன்கள்

ஒரு எச்சரிக்கை. 'ஃப்ரீ'ன்னு போட்டிருக்கிற ஓட்டல் கேம்கள்ல நிறையப் பேர் நம்ம பர்ஸைத்தான் வேக வைக்கிறாங்க. இறக்குறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு டெஸ்ட் வைங்க:

1. 'எனர்ஜி தீர்ந்துபோச்சு, 30 நிமிஷம் காத்திரு, இல்லை காசு கட்டு'ன்னு சொல்லுதா? அது ரிலாக்ஸ் இல்லை, வசூல்.

2. நெட்டை ஆஃப் பண்ணிட்டு ஆட முடியுதா? முடிஞ்சா நல்ல சகுனம்.

3. நாலு நாள் கேம் பக்கமே போகலைன்னா தண்டனை உண்டா? லீவு போட்டா சம்பளம் பிடிக்கிற கடையில யாராவது ரிலாக்ஸ் பண்ணுவாங்களா?

4. நடுவுல நிறுத்தினா அப்படியே சேவ் ஆகுதா?

5. வைரம், ஜெம், காயின்னு மூணு விதமான காசு இருந்தா உஷார். நிஜ ரூபாய் எவ்வளவு போகுதுன்னு நாம மறக்குறதுக்காகவே செஞ்ச ஏற்பாடு அது.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற கேம்கள் தனி ரகம். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீங்க. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே சட்டம் போட்டு அதுக்குத் தடை விதிச்சிருக்கு.

ஃப்ளோ இங்கே... நாம அங்கே!

இப்ப தொண்டாமுத்தூர் கடைக்குத் திரும்புவோம். ஒன்பதரைக்குக் கூட்டம் வடிஞ்சதும் அக்கா ஒரு முக்காலியைப் போட்டு உக்காந்தாங்க. காலையில நாலு மணிக்கு அடுப்பு பத்த வெச்சதுக்கு அப்புறம் உக்கார்றது இதுதான் முதல் தடவையாம். போன்ல விண்வெளி ஓட்டலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க.

"ஏங் கண்ணு, இதுல கேஸ் தீராதுங்களா?"

"தீராதுக்கா."

"கடன் சொல்றவங்க?"

"இல்லைக்கா. எல்லாரும் காசு குடுத்துருவாங்க."

"மாஸ்டரு சொல்லாம லீவு போடறதில்லீங்களா?"

"மாஸ்டரே கிடையாதுக்கா."

"காலு நோவாதா?"

பதில் சொல்லத் தெரியலை. அக்காவே சிரிச்சுட்டாங்க. "அப்ப நல்ல கடைதானுங் கண்ணு. எனக்கு ஒண்ணு புடிச்சுக் குடுங்க!"

நாலே நாலு கேள்வி. அந்த கேமுக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை யாரும் எழுத முடியாது. கேம் எதையெல்லாம் எடுத்துட்டு 'ரிலாக்ஸ்' ஆச்சுங்கிற லிஸ்ட் அது. கேஸ் விலை, கடன் நோட்டு, ஆள் தட்டுப்பாடு, முட்டி வலி. இந்த நாலையும் கழிச்சா மிச்சம் இருக்கிறது என்ன? பசியோட வந்த ஒருத்தர் வயிறு நிறைஞ்சு போறாரு, அதை நீங்க பார்க்குறீங்க. அது மட்டும்தான். அந்தச் சந்தோஷம் கேமோட கற்பனை இல்லை. அக்கா கடையிலயும் அது தினம் இருக்கு. மேல மூட்டை மூட்டையா மத்தது ஏறி உக்காந்திருக்கிறதால கண்ணுக்குத் தெரியறதில்லை.

அக்காவோட பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான். "அவனை அடுப்பு பக்கமே விடறதில்லீங். இந்தச் சூடு எங்களோட போகட்டும், அவன் ஏசியில உக்காந்து வேலை பாக்கோணும்"னாங்க.

கேட்டீங்களா? டைனர் டேஷ் ஃப்ளோ ஆபீஸை விட்டு ஓட்டலுக்கு ஓடினா. நம்ம வீட்டுல ஓட்டல் நடத்தி, தோட்டத்துல குனிஞ்சு, மில்லுல நின்னு, நம்மளை ஆபீஸுக்கு அனுப்பப் பாடுபடுறாங்க. அந்த ஆபீஸுக்குத் தயாராகிற அலுப்புல, ராத்திரி நாம போன்ல போய் ஓட்டல் நடத்துறோம். எதுல இருந்து நம்மளைக் காப்பாத்த அவங்க உழைக்கிறாங்களோ, அதையே நாம ஓய்வுன்னு விளையாடுறோம்!

இதுல யாரும் குற்றவாளி இல்லைங்க. ஆனா, செய்ய வேண்டிய காரியம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, கேம் ஆடினவங்களுக்கு ஓட்டல்ல உக்கார்ந்தா புத்தி வரணும். எட்டு மணிக் கூட்டத்துல 'ரோஸ்ட்டு என்னாச்சு?'ன்னு கத்துற ஆளா நாம இருக்க வேண்டாம். சாப்பிட்டு முடிச்சதும் போனை நோண்டாம எழுந்து எடம் விட்டா, லிட்டில் விதிப்படி நின்னுக்கிட்டிருக்கிற ஒருத்தருக்கு அது பெரிய உதவி.

ரெண்டாவது, இன்னும் முக்கியம். அந்த நாலு கேள்வியும் இருக்கிற ஒரு கேமை யார் செய்யப்போறா? உடுப்பியில செஞ்சாங்க. டொராண்டோவுல இட்லிச் சட்டியை வெச்சே செஞ்சாங்க. 'கோடோ'ன்னு கேம் செய்யும் மென்பொருள் இருக்கு, 'பிளெண்டர்'னு முப்பரிமாணப் படம் செய்யும் மென்பொருள் இருக்கு. ரெண்டுமே இலவசம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எங்கேயோ காசு குடுத்து வாங்குறதுக்குப் பதிலா, நாலு பேர் சேர்ந்து இதைச் செஞ்சா என்ன? ஐடியா இல்லைன்னு சொல்லாதீங்க... பிடிங்க!

கேம் பேர்: தொண்டாமுத்தூர் டு செவ்வாய்

இடம்: செவ்வாய்க் கிரகத்துல ஒரு டிபன் கடை. போர்டுல 'சிறுவாணித் தண்ணியில செஞ்ச காபி'ன்னு எழுதியிருக்கும். பூமியில இருந்து தண்ணி லாரி வர மாசக்கணக்காகும். அதனால ஒவ்வொரு டம்ளருக்கும் கணக்கு. விண்வெளி நிலையத்துல தண்ணியில 98 சதவீதத்தைச் சுத்தம் பண்ணித் திரும்பப் பயன்படுத்துறாங்க. அந்த டெக்னிக்தான் உங்க முதல் அப்கிரேடு.

மெனு: சந்தகை, கம்மங்கூழ், அரிசியும் பருப்பும், கொள்ளு ரசம், சாயங்காலம் ரோட்டோரக் காளான்.

இயந்திரம்: கோயமுத்தூர் வெட் கிரைண்டர். செவ்வாய்ல ஈர்ப்பு விசை பூமியில இருக்கிறதுல சுமார் 38 சதவீதம்தான். கல்லோட எடை குறைஞ்சுடுமே, மாவு எப்படி மசியும்? இதுதான் முதல் புதிர்!

திடீர்ச் சிக்கல்: ராத்திரி வாழைத் தோட்டத்துக்குள்ள யானை. (எந்தக் கிரகமா இருந்தா என்ன, நம்மூர்க் கடைன்னா யானை வராம இருக்குமா?)

கடன் நோட்டு: கட்டாயம் உண்டு. யாருக்குக் கடன் குடுக்கிறதுங்கிறதுதான் கதையே. காசில்லாத ஸ்டூடன்ட்டுக்குப் பத்து நாள் சோறு போட்டா லாபம் குறையும். ஆனா ஆறு லெவல் தாண்டி அந்தப் பையன் இன்ஜினீயரா வந்து, ஓட்டை விழுந்த விண்கலக் கூரையைச் சரிபண்ணிக் குடுப்பான்.

முக்காலி: கடையில ஒரே ஒரு முக்காலி. முதலாளி அம்மா அதுல எவ்வளவு நேரம் உக்கார முடியுதோ, அதுதான் ஸ்கோர். காசு இல்லை, நட்சத்திரம் இல்லை. உக்கார்ந்த நிமிஷம்தான் வெற்றி!

இப்படி ஒரு கேம் வந்தா அதைத்தான் நான் 'ரிலாக்ஸ் கேம்'னு ஒத்துக்குவேன். ஆடுறவங்களுக்கு மட்டும் ஓய்வு இல்லாம, அடுப்பு பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் ஓய்வு கிடைக்கிற கேம்.

டீம் ரெடியா? கோடிங் தெரிஞ்சவங்க, படம் வரையத் தெரிஞ்சவங்க, பாட்டு போடத் தெரிஞ்சவங்க எல்லாம் கை தூக்குங்க. ஒண்ணுமே தெரியாதுங்கிறவங்க முதல்ல போய் அந்த மூணு நாள் தட்டைக் கழுவி வைங்க, மக்கா!